பூஞ்சை இழை தன் தடிமனையும் திசையையும் எப்படிக் காத்துக்கொள்கிறது?

கேள்வி: காளான் வளர்ப்பவர், பாகூர்

அனைவருக்கும் வணக்கம். பாகூரில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் சிப்பிக் காளான் வளர்த்து வருகிறேன். பட்டப்படிப்பில் தாவரவியல் படித்தவள் என்பதால், வைக்கோல் படுக்கையில் நாளுக்கு நாள் வெண்மை ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி என்னை விடுவதில்லை. கடலூரில் இருக்கும் என் அண்ணன் தம்மிடமிருந்த பழைய நுண்ணோக்கியை அண்மையில் எனக்குக் கொடுத்தார். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரைக் கண்ணாடி வில்லையின்மேல் மெல்லிய படலமாக ஊற்றி, வித்துப் பையிலிருந்து எடுத்த ஒரு சோளமணியை அதன் நடுவில் வைத்து, ஈரம் குறையாமல் மூடிவைத்தேன். மணியைச் சுற்றி இழைகள் விரிந்ததும், ஓரத்தில் முன்னேறிக்கொண்டிருந்த ஓர் இழையை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து கவனித்தேன்.

இழையின் நுனி பார்வைப் புலத்தைக் கடந்து நகர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த குறுக்குச்சுவர்கள் நான் முதலில் கண்ட இடத்திலேயே அசையாமல் நின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட தூரமும் கூடவில்லை. நுனியில் மட்டும் சிறிய குவிமாடம் போன்ற வளைவு தெரிந்தது. அதற்குப் பின்னால் இழை புலத்தின் மறுமுனை வரையிலும் ஏறத்தாழ ஒரே தடிமனில் இருந்தது. பக்கவாட்டில் கிளைத்த இழைகளும் தாய் இழையை ஒட்டிப் போகாமல் விலகியே வளர்ந்தன. குறுக்குச்சுவர்கள் இருக்கும் இடங்களில் ஒரு சிறு புடைப்பும் காணப்பட்டது.

உள்ளே இருக்கும் நீரின் விறைப்பு அழுத்தம்தான் இழையைத் தள்ளுகிறது என்று படித்திருக்கிறேன். அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில்தான் தள்ளும். அப்படியானால் இழை பலூன்போல ஊதாமல், இவ்வளவு சீரான குழாயாக நீள்வது எப்படி? எந்தத் திசையில் போக வேண்டும், எங்கே கிளைக்க வேண்டும் என்பதை இழைக்குள் எது முடிவுசெய்கிறது? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: பூஞ்சையியல் ஆய்வு மாணவர், சிதம்பரம்

அம்மா, நீங்கள் நுண்ணோக்கியில் கண்டது மிகச் சரியானது. இந்தத் துறையின் அடிப்படை உண்மையே அதுதான். பூஞ்சை இழை நுனியில் மட்டுமே வளர்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ரைன்ஹார்ட் 1892-இலேயே விளக்கி எழுதினார். செடியின் தண்டில் ஒரு பகுதி முழுவதும் சேர்ந்து நீள்கிறது. பூஞ்சை இழையில் அப்படி நடப்பதில்லை. புதிய செல்சுவர் நீங்கள் கண்ட அந்தக் குவிமாடத்தில் மட்டுமே உருவாகிறது. பின்னால் இருக்கும் பகுதி முழுவதும் அதற்குப் பொருள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் குறுக்குச்சுவர்கள் அசையாமல் நின்றதற்குக் காரணம் இதுவே.

அந்தப் பொருள் எப்படி நுனிக்கு வருகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை தொடங்குகிறது. பூஞ்சையின் செல்சுவர் பெரும்பாலும் கைட்டின், பீட்டா குளுக்கான் ஆகிய நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளாலும் புரதங்களாலும் ஆனது. இந்தச் சங்கிலிகளைக் கட்டும் நொதிகளும், சுவருக்குத் தேவையான பிற பொருள்களும் இழையின் உட்பகுதியில் சவ்வால் சூழப்பட்ட நுண்பைகளில் அடைக்கப்படுகின்றன. செல்லுக்குள் தண்டவாளம்போல ஓடும் நுண்குழல்களின் மீதும் ஆக்டின் என்னும் மெல்லிய புரத நார்களின் மீதும் நடக்கும் இயக்குப் புரதங்கள் அவற்றை நுனிக்குச் சுமந்து வருகின்றன. வந்து சேர்ந்த நுண்பைகள் நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு திரளாகக் கூடுகின்றன. 1924-இல் புரூன்ஸ்விக் என்பவர் சாயமேற்றிய காளான் இழைகளில் இத்திரளைக் கண்டு அதற்கு ஷ்பிட்ஸன்கோர்ப்பர் என்று பெயரிட்டார். 1957-இல் கிர்பார்ட் என்பவர், சாயமேற்றாமலே செல்லின் உட்பகுதியைக் காட்டும் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியின் உதவியால் உயிருள்ள இழையிலேயே அதைக் கண்டார். இழை வளரும்போது அத்திரள் நுனியிலேயே இருப்பதையும், வளர்ச்சி நின்றால் மறைந்துவிடுவதையும், இழை திரும்பும்போது அது முதலில் அந்தப் பக்கமாக நகர்வதையும் அதன்பின் பலர் உறுதிசெய்திருக்கிறார்கள்.

இந்தத் திரள் எவ்வளவு பரபரப்பான இடம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நியூரோஸ்போரா கிராஸா என்னும் பூஞ்சையின் வேகமாக வளரும் இழையில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 38,000 நுண்பைகள் நுனியில் சவ்வோடு இணைய வேண்டியிருக்கும் என்று காலிஞ்சும் டிரின்சியும் 1974-இல் மதிப்பிட்டார்கள்.

இனி வடிவத்துக்கு வருவோம். 1989-இல் பார்ட்னிக்கி கார்சியாவும் அவருடைய உடனாய்வாளர்களும் மிக எளிமையான ஒரு கணித மாதிரியை முன்வைத்தார்கள். நுண்பைகள் ஒரே மையத்திலிருந்து (உண்மை இழையில் ஷ்பிட்ஸன்கோர்ப்பர் இருக்கும் இடம்) எல்லாத் திசைகளிலும் சம வாய்ப்போடு வெளியேறிச் சவ்வை அடைகின்றன என்றும், அந்த மையமே ஒரு நேர்கோட்டில் சீரான வேகத்தில் முன்னே நகர்கிறது என்றும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேறு எதையும் அவர்கள் சேர்க்கவில்லை. இந்த இரண்டிலிருந்தே, உண்மையான பூஞ்சை இழையின் நுனியோடு வியக்கத்தக்க அளவில் பொருந்தும் வளைவு கணக்கில் வந்துவிட்டது. மையம் நகராமல் நின்றால் கிடைப்பது உருண்டை; நகர்ந்தால் கிடைப்பது குழாய். குழாயின் அகலம், குறிப்பிட்ட நேரத்தில் வெளியாகும் நுண்பைகளின் அளவுக்கும் மையம் நகரும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. நுண்பைகள் அதே அளவில் வந்துகொண்டிருக்க மையம் மட்டும் இருமடங்கு வேகமாக நகர்ந்தால், குழாய் பாதி அகலமாகும். இரண்டும் ஒரே விகிதத்தில் கூடினால், இழை வேகமாக வளரும், தடிமன் மாறாது. மையத்துக்கும் நுனிக்கும் உள்ள தூரத்தைப்போல ஏறத்தாழ 6.28 மடங்கு குழாயின் விட்டம் இருக்கும் என்பதும் அந்தச் சமன்பாட்டிலிருந்தே வருகிறது. ஆறு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஓர் இழையில் மையம் நுனிக்கு ஒரு மைக்ரோமீட்டர் பின்னால் இருந்தால் போதும். நீங்கள் கண்ட அந்தச் சீரான தடிமன், வழங்கல் அளவுக்கும் நகர்வு வேகத்துக்கும் இடையிலான விகிதத்தை இழை நீண்ட நேரம் குலையாமல் வைத்திருந்ததன் பதிவு என்றே நான் கொள்கிறேன்.

அழுத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்டது இன்னும் ஆழமானது. நுனியில் புதிதாக இடப்படும் சுவர் இளகிய நிலையில் இருக்கிறது. நேரம் செல்லச் செல்ல, தனித்தனியாக இடப்பட்ட கைட்டினும் குளுக்கானும் வேதிப் பிணைப்பால் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டு, கரையாததும் விறைப்பானதுமான சுவராக மாறுகின்றன. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வெசல்ஸ் என்பவரும் அவரோடு ஆய்ந்தவர்களும் ஸ்கைசோஃபில்லம் என்னும் காளானில் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள். நுனி முன்னேறிக்கொண்டே இருப்பதால், இளகிய சுவர் எப்போதும் நுனியிலும் இறுகிய சுவர் எப்போதும் பின்னாலும் அமைந்துவிடுகின்றன. அழுத்தம் எல்லாப் பக்கமும் தள்ளுகிறது என்பது உண்மைதான்; விட்டுக்கொடுக்கக்கூடிய சுவர் நுனியில் மட்டுமே இருக்கிறது.

இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். வளர்ந்துகொண்டிருக்கும் இழைகளின்மேல் திடீரென நீரையோ நீர்த்த அமிலத்தையோ ஊற்றினால் பல இழைகளின் நுனி வெடித்து உள்ளிருப்பது வெளியே பீய்ச்சும் என்று பார்ட்னிக்கி கார்சியாவும் லிப்மனும் 1972-இல் மியூக்கர் என்னும் பூஞ்சையில் காட்டினார்கள். வெடிப்பது பெரும்பாலும் நுனிதான்.

மறுமொழி: இயற்பியல் ஆசிரியர், கடலூர் முதுநகர்

மேலே எழுதியவர் சொன்னதோடு இயற்பியல் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்; ஏனெனில் கேள்வி கேட்ட சகோதரியின் ஐயம் தோன்றுவதைவிடக் கூர்மையானது.

மெல்லிய சுவருள்ள ஒரு குழாய்க்குள் அழுத்தம் இருந்தால், சுவரில் தோன்றும் தகைவு (ஓரலகுப் பரப்பின்மேல் செயல்படும் விசை) எல்லாத் திசைகளிலும் சமமாக இருப்பதில்லை. குழாயைச் சுற்றி வளைய வடிவில் செயல்படும் தகைவு, நீளவாக்கில் செயல்படுவதைப்போல இருமடங்கு. ஆகவே சுவர் எங்கும் ஒரே வலுவுடையதாக இருந்தால், குழாய் நீள்வதற்கு முன் பக்கவாட்டில் பருத்துத்தான் ஆக வேண்டும். எடுத்துக்காட்டாக, உள்ளழுத்தம் 0.5 மெகாபாஸ்கல், ஆரம் 5 மைக்ரோமீட்டர், சுவரின் தடிமன் 0.1 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், வளையத் தகைவு 25 மெகாபாஸ்கல் வரும். அதே ஆரமும் அதே தடிமனும் உள்ள அரைக்கோள நுனியில் தகைவு அதில் பாதிதான். அதாவது, குறைந்த தகைவு உள்ள இடம் விரிந்துகொடுக்கிறது. அதிகத் தகைவு உள்ள இடம் அசையாமல் நிற்கிறது. சுவரின் தன்மை நுனிக்கும் பக்கத்துக்கும் இடையே மிகக் கடுமையாக மாறினாலொழிய இது நடக்க இயலாது. வெசல்ஸ் காட்டிய அந்த இறுக்கம் வேதியியல் விவரம் மட்டுமன்று. அது இல்லாவிட்டால் இழை என்ற வடிவமே சாத்தியமில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாக்க வேண்டுகிறேன். நுனியின் சுவர் விரியும்போது, புதிய பொருள் உள்ளிருந்து திணிக்கப்படுவதால் விரிகிறதா, அழுத்தம் இழுப்பதால் விரிகிறதா? இவ்விரண்டையும் பிரித்தறிய ஏதேனும் வழி உண்டா?

மறுமொழி: பூஞ்சையியல் ஆய்வு மாணவர், சிதம்பரம்

ஐயா, இதற்கு 2000-ஆம் ஆண்டில் ஓர் அழகான சோதனை நடந்தது. நம் பகுதி நெல்வயல்களில் இலையுறைக் கருகல் நோயை உண்டாக்கும் ரைசோக்டோனியா சொலானியைத்தான் அதற்குப் பயன்படுத்தினார்கள். வளரும் நுனியின்மேல் இந்திய மையின் கரித்துகள்களை ஒட்டவைத்து, ஒவ்வொரு துகளும் எந்தப் பாதையில் நகர்கிறது என்பதை ஒளிப்பதிவிலிருந்து வரைந்தார்கள். துகள் நுனிக் குவிமாடத்தின் எந்த இடத்தில் ஒட்டியிருந்தாலும், சுவரின் பரப்புக்குச் செங்குத்தாகவே அது நகர்ந்தது. நுனி தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவும் இல்லை. உள்ளழுத்தம் ஓர் இளகிய பரப்பை விரிக்கும்போது எதிர்பார்க்க வேண்டிய பாதை இதுதான். ஆகவே உண்மையான பூஞ்சைகளில் விரிவுக்கான விசை அழுத்தத்திலிருந்து வருகிறது, அந்த விரிவு எங்கே எவ்வளவு நடக்கலாம் என்பதை நுண்பைகளின் வழங்கல் தீர்மானிக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

ஆனால் இதை எல்லா இழை உயிரிகளுக்கும் பொதுவாக்கக் கூடாது. நாற்றங்காலில் நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், நீர்ப்பூசணமான சாப்ரோலெக்னியா, அக்லியா முதலியவை பார்வைக்குப் பூஞ்சைபோலவே இருந்தாலும் உறவுமுறையில் பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கியவை. அவற்றின் செல்சுவரில் செல்லுலோஸ் உண்டு. அவற்றில் சிலவற்றின் அழுத்தத்தை அளவிடவியலாத அளவுக்குக் குறைத்தபோதும் நுனி தொடர்ந்து வளர்ந்ததை நிக்கோலஸ் மணியும் ஃபிராங்க் ஹெரால்டும் 1990-களில் காட்டினார்கள். அங்கே சுவர் மிக இளகியதாகவும், நுனிக்குள் உள்ள ஆக்டின் வலை வடிவத்தைத் தாங்குவதாகவும் விளக்கம் தரப்படுகிறது.

மறுமொழி: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், விருத்தாசலம்

பாகூர் மகளுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் வயலில் நோய்களைப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவள். அழுத்தம், சுவர், வடிவம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் என்ன ஆகும் என்பதை நெற்பயிரின் குலைநோய்ப் பூஞ்சையில் காணலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

குலைநோய்ப் பூஞ்சையின் ஸ்போர், அதாவது நுண்வித்து, பனியீரம் படிந்த நெல் இலையின்மேல் விழுந்ததும் தன் நுனியிலிருந்து ஒரு பசையை வெளியிட்டு ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒரு முளைக்குழல் நீள்கிறது. இலையின் பரப்பு கடினமானதாகவும் நீர் ஒட்டாததாகவும் இருப்பதை அது உணர்ந்ததும் நுனியின் முன்னோட்டம் நிற்கிறது. அதுவரை நீண்டுகொண்டிருந்த நுனி இப்போது எல்லாப் பக்கமும் பருத்து, இலையோடு ஒட்டிய ஒரு குவிந்த செல்லாகிறது. மேலே சொல்லப்பட்ட மாதிரியின்படி, நகர்வு நின்றதும் குழாய் உருண்டையாவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அப்ரசோரியம் எனப்படும் அந்தச் செல்லின் சுவரில் மெலனின் என்னும் கரிய நிறமி ஓர் அடுக்காகப் படிகிறது. உள்ளே கிளிசரால் சேர்கிறது. மெலனின் அடுக்கு நீரை விடுகிறது, கிளிசராலை வெளியேற விடுவதில்லை. நீர் உள்ளே ஏற ஏற அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 80 மடங்கு வரை உயர்வதாக 1991-இல் அளந்து வெளியிட்டார்கள். மெலனின் படியாத ஒரு சிறு வட்டம் மட்டும் இலையை நோக்கி அடியில் விடப்பட்டிருக்கும். அந்த வட்டத்தின் வழியே மெல்லிய ஊடுருவல் முளை இலையின் மேல்தோலைத் துளைத்துப் போகிறது. அந்த வட்டத்தைச் சுற்றி செப்டின் என்னும் புரதம் வளையமாக நின்று, பருத்த செல்லிலிருந்து மறுபடியும் ஒரு மெல்லிய நுனி கிளம்புவதற்கு வழியமைக்கிறது என்பது 2012-இல் தெரியவந்தது.

குலைநோய்க்கு நம் உழவர்கள் தெளித்துவந்த டிரைசைக்ளசோல் மருந்து இந்த மெலனின் உருவாக்கத்தைத்தான் தடுக்கிறது. ஸ்போர் முளைக்கும், அப்ரசோரியமும் தோன்றும். ஆனால் அழுத்தத்தைச் சேர்த்துவைக்க இயலாததால் இலைக்குள் நுழைய முடியாது. நோய் உள்ளே புகுந்த பிறகு அடித்தால் பலன் குறைவு என்று நாங்கள் வற்புறுத்தியதற்குக் காரணமும் இதுவே. காரணத்தைச் சொல்லி விளக்கிய ஊர்களில் உழவர்கள் உரிய நேரத்தில் தெளித்தார்கள். மருந்தின் பெயரை மட்டும் சொன்ன ஊர்களில் இலை கருகிய பிறகே தெளித்தார்கள்.

பரப்பின் வடிவத்தைத் தொட்டு உணர்வதில் அவரைத் துரு நோய்ப் பூஞ்சை இதைவிடவும் நுட்பமானது. அது இலைத்துளையின் வழியாக மட்டுமே உள்ளே நுழையும். காப்புச் செல்களின் விளிம்பில் உள்ள மேட்டை இழை தன் நுனியால் உணர்ந்து, அங்கேயே அப்ரசோரியத்தை அமைக்கிறது. செயற்கையான பரப்பில் வெவ்வேறு உயரங்களில் மேடுகளை அமைத்து ஹாக் முதலியோர் 1987-இல் சோதித்தபோது, 0.5 மைக்ரோமீட்டர் உயர மேடு மிகச் சிறந்த தூண்டலாக இருந்தது. மிகத் தாழ்ந்த மேட்டையும் மிக உயர்ந்த மேட்டையும் இழை பொருட்படுத்தாமல் கடந்து சென்றது.

கேள்வி கேட்டவர்: காளான் வளர்ப்பவர், பாகூர்

அம்மாவுக்கும் மற்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இதிலிருந்து எனக்கு இன்னொரு கேள்வி எழுகிறது. வைக்கோலைக் கிருமிநீக்கம் செய்ய கார்பென்டசிம்மும் ஃபார்மலினும் கலந்த நீரில் ஊறவைக்கும் முறை இங்கே பலரிடம் உண்டு. கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லி, சிப்பிக் காளானும் பூஞ்சைதான். அது எப்படிப் பச்சைப் பூசணத்தை அடக்கிக் காளானை விட்டுவிடுகிறது? அந்த மருந்துக்கும் இழையின் வடிவத்துக்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி: பூஞ்சையியல் ஆய்வு மாணவர், சிதம்பரம்

நேரடியான தொடர்பு உண்டு. நுண்பைகளைச் சுமக்கும் நுண்குழல்கள் டியூபுலின் என்னும் புரதத்தால் கட்டப்படுகின்றன. கார்பென்டசிம் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நுண்குழல் உருவாவதைத் தடுக்கிறது. உட்கருப் பிரிவும் நின்றுபோகிறது. டிரைக்கோடெர்மா போன்ற பச்சைப் பூசணங்களின் டியூபுலின் அந்த மருந்தை எளிதில் பற்றிக்கொள்கிறது. சிப்பிக் காளான் சேர்ந்த காளான் பிரிவில் பல இனங்களுக்கு அந்த உணர்திறன் மிகக் குறைவு. பரிந்துரைக்கப்படும் 75 பிபிஎம் அளவில் காளான் இழை தாக்குப்பிடிப்பது அதனால்தான். இருப்பினும் உண்ணும் பொருளில் எச்சம் இல்லாதிருக்க வைக்கோலை நீராவியிலோ சுடுநீரிலோ பதப்படுத்துவதே மேல் என்பது என் கருத்து.

இந்த வகை மருந்தே இழையின் திசையைப் பற்றிய ஆய்வுக்கு ஒரு கருவியாகவும் பயன்பட்டது. நியூரோஸ்போராவுக்குக் குறைந்த அளவில் பெனோமிலைக் கொடுத்தபோது இழைகள் வளர்வதை நிறுத்தவில்லை, ஆனால் நேராகப் போகும் தன்மையை இழந்து அலைந்து திரிந்தன. ஷ்பிட்ஸன்கோர்ப்பர் நுனியின் நடுவில் நிலைத்திராமல் பக்கவாட்டில் அலைந்ததை மெரிட்செல் ரிக்கெல்மேயும் உடனாய்வாளர்களும் பதிவுசெய்தார்கள். 1997-இல் சார்லஸ் பிராக்கரும் அவரோடு ஆய்ந்தவர்களும் லேசர் கற்றையால் அந்தத் திரளை ஒரு பக்கம் நகர்த்தியபோது இழையும் அந்தப் பக்கம் திரும்பியது. நுண்குழல்கள் திரளை நேரான பாதையில் வைத்திருக்கின்றன, திரள் இருக்கும் பக்கம் நுனி செல்கிறது என்ற முடிவு இவ்விரண்டிலிருந்தும் உறுதியானது.

நியூரோஸ்போரா நமக்கு அறிமுகமில்லாத உயிரி அன்று. கரும்பை வெட்டித் தீயிட்ட வயல்களில் கரிந்த கட்டைகளின்மேல் ஆரஞ்சு நிறத்தில் பொடிபோலப் படர்வது அதன் இனமே. அதன் ஸ்போர்களில் ஒரு வகை வெப்பம் பட்டால்தான் முளைக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரமேஷ் மகேஸ்வரி கரும்பு வயலில் அது வாழும் முறையை ஆராய்ந்திருக்கிறார். மணிக்குச் சில மில்லிமீட்டர் நீளக்கூடிய அந்தப் பூஞ்சையை நுண்ணிய வழிகள் கொண்ட புதிர்ப்பாதைகளுக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சுவரில் மோதித் திரும்ப நேர்ந்த இழை, தடை விலகியதும் பெரும்பாலும் தான் முன்பு போய்க்கொண்டிருந்த திசைக்கே மீண்டது. இந்த நினைவு இழையில் எவ்வாறு பதிகிறது என்பதை நான் மிகுந்த ஆவலோடு படித்துவருகிறேன்.

கிளை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு நுனி பயன்படுத்தக்கூடியதைவிட அதிக நுண்பைகள் இழைக்குள் சேரும்போது புதிய நுனி ஒன்று பக்கவாட்டில் தோன்றுகிறது என்பது பொதுவான விளக்கம். வளரும் இழைத்தொகுதியில் மொத்த இழை நீளத்தை நுனிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் அளவு, தொடக்கத்தில் மாறினாலும் பிறகு ஏறத்தாழ மாறிலியாகிறது என்று டிரின்சி 1974-இல் காட்டியது இதற்கு வலுச்சேர்க்கிறது. நீங்கள் கண்டபடி, வளரும் விளிம்பில் இழைகள் ஒன்றையொன்று தவிர்த்தே போகின்றன. நடுப்பகுதியில் ஒன்றோடொன்று இணைந்து வலையாகின்றன.

மறுமொழி: மருத்துவ ஆய்வக நுட்பர், புதுச்சேரி

இங்கே பேசப்படும் அதே வடிவ மாற்றத்தை நாங்கள் அன்றாடம் நோய் கண்டறியப் பயன்படுத்துகிறோம் என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்ந்த ஈஸ்டு கேண்டிடா ஆல்பிகன்ஸ்தானா என்று அறிய, அதைச் சிறிதளவு எடுத்து மனிதச் சீரத்தில் கலந்து 37 டிகிரி செல்சியஸில் இரண்டு முதல் மூன்று மணிநேரம் வைப்போம். உருண்டையாக மொட்டுவிட்டுக்கொண்டிருந்த செல்லிலிருந்து ஒரு குழல் நீண்டிருக்கும். அந்தக் குழல் தாய்ச் செல்லிலிருந்து கிளம்பும் இடத்தில் இடுக்கம் இருக்கிறதா என்பதையே உற்றுப் பார்ப்போம். இடுக்கம் இல்லாமல் இரு பக்கமும் இணையாக நீண்டிருந்தால் அது உண்மையான முளைக்குழல். கழுத்தில் இடுக்கம் இருந்தால் அது நீண்ட மொட்டுத்தான். பொய் இழையாகவே கொள்ள வேண்டும். வில்லையைப் பார்க்கும் கண்ணுக்கு அந்த இடுக்கம் ஒரு நிழற்கோடு போலத்தான் தெரியும். ஒளியைக் குறைத்து, நுண் திருகை மெதுவாக அசைத்துப் பார்க்காவிட்டால் தவறவிட்டுவிடுவோம்.

ஈஸ்டு நிலையில் வளர்ச்சி பெரும்பாலும் மொட்டின் பரப்பெங்கும் பரவுகிறது, இழை நிலையில் நுனியிலேயே நிலைத்துவிடுகிறது. சிடிசி42 என்னும் சிறிய புரதம் செயலூக்கம் பெற்ற நிலையில் நுனியில் மட்டும் தங்குவதே இதற்கு அடிப்படை. நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு வளையப் பகுதியில் சவ்வு தொடர்ந்து உள்வாங்கப்படுகிறது. பக்கவாட்டில் வழிந்த புரதங்கள் அங்கே மீட்கப்பட்டு மறுபடியும் நுனிக்கு அனுப்பப்படுவதால் வளர்ச்சிப் புள்ளி சிதறாமல் இருக்கிறது.

சிகிச்சையிலும் இதற்கு இடமுண்டு. கேஸ்போஃபங்கின் போன்ற மருந்துகள் பீட்டா குளுக்கானைக் கட்டும் நொதியைத் தடுக்கின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் இழைகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்தால், பழைய சுவருள்ள பின்பகுதி பெரும்பாலும் பிழைத்திருக்க, வளரும் நுனிகளும் கிளைகள் கிளம்பும் இடங்களும் உருக்குலைந்து வெடிக்கின்றன. மனிதச் செல்லுக்கு இத்தகைய சுவரே இல்லை என்பதால் அந்த மருந்து நோயாளிக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானதாக அமைகிறது.

மறுமொழி: தாவரவியல் பேராசிரியர், புதுச்சேரி

கேள்வியின் ஒரு பகுதிக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. குறுக்குச்சுவர் உள்ள இடங்களில் காணப்படும் அந்தப் புடைப்பைக் கிளாம்ப் இணைப்பு என்கிறோம். இழை தன் வடிவத்தை எவ்வளவு துல்லியமாக ஆள்கிறது என்பதை ஒரு சாதாரண நுண்ணோக்கியிலேயே காட்டக்கூடியது அது.

சிப்பிக் காளானின் படுக்கையில் பரவும் இழையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு உட்கருக்கள் உண்டு. அவை இரண்டு வெவ்வேறு பெற்றோர் இழைகளிலிருந்து வந்தவை. செல் பிரியும்போது புதிய செல்களில் ஒவ்வொன்றுக்கும் இரு வகையிலும் ஒன்று கிடைக்க வேண்டும். குறுகிய குழாயில் இரண்டு உட்கருக்கள் ஒரே நேரத்தில் பிரிந்தால் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டும் ஒரே பக்கம் சிக்கிக்கொள்ளக்கூடும். இதைத் தவிர்க்க நுனிச் செல்லின் பக்கத்தில் ஒரு சிறு கொக்கி முளைக்கிறது. இழையின் முதன்மை நுனி முன்னோக்கிச் செல்ல, கொக்கியின் நுனி அதற்கு நேர்மாறாகப் பின்னோக்கி வளைந்து வளர்கிறது. ஓர் உட்கரு கொக்கிக்குள் பிரிகிறது. மற்றொன்று இழைக்குள் பிரிகிறது. பிறகு கொக்கியின் அடியில் ஒரு சுவரும் இழைக்குக் குறுக்கே ஒரு சுவரும் எழுகின்றன. கொக்கியின் நுனி பின்னால் உள்ள செல்லைத் தொட்டு, இடையே உள்ள சுவரைக் கரைத்து, தன்னிடமிருந்த உட்கருவை அதற்குள் சேர்க்கிறது. எஞ்சி நிற்கும் வளைவைத்தான் நீங்கள் புடைப்பாகக் கண்டீர்கள். ஒரே இழையில், சில மைக்ரோமீட்டர் இடைவெளிக்குள், இரண்டு நுனிகள் எதிரெதிர்த் திசைகளில் வளர்ந்து, அவற்றில் ஒன்று மட்டும் குறித்த இடத்தில் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்கைசோஃபில்லம், கோப்ரினாப்சிஸ் ஆகிய காளான்களில் இந்த வேலை இரண்டு இணைசேர் மரபணுத் தொகுதிகளிடையே பகிரப்பட்டிருப்பது நன்கு தெரியும்: ஒன்று கொக்கி தோன்றுவதையும் இரு உட்கருக்கள் சேர்ந்து பிரிவதையும் ஆள்கிறது, மற்றொன்று கொக்கி பின்செல்லோடு இணைவதை ஆள்கிறது.

ஷ்பிட்ஸன்கோர்ப்பரைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் தெளிவாகக் காண்பது கடினம். அதற்குக் கட்ட வேறுபாட்டு வசதி வேண்டும். ஆனால் கிளாம்ப் உருவாவதை 400 மடங்கு உருப்பெருக்கத்திலேயே தொடர்ந்து பார்க்கலாம். அகார்ப் படலத்தை இயன்றவரை மெல்லியதாக ஊற்றி, மூடுவில்லையின் ஓரத்தை முழுவதும் அடைக்காமல் காற்றுக்கு இடம்விட்டு, விளிம்பில் முன்னோடும் இழையின் நுனிச் செல்லைப் பாருங்கள். ஒளியைத் தேவையான நேரத்தில் மட்டும் ஏற்றுங்கள். நீண்ட நேர வெப்பம் நுனியை நிறுத்திவிடும். பருத்திநீலச் சாயம் சேர்த்தால் சுவர்கள் நன்றாகத் தெரியும், ஆனால் இழை இறந்துவிடும் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்கள் தொழிலுக்கும் ஒரு பயன் உண்டு. புதிதாக வாங்கும் வித்திலிருந்து ஒரு மணியை இப்படி வளர்த்து, குறுக்குச்சுவர்களில் கிளாம்ப் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். பல இழைகளைப் பார்த்தும் ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டால், அது ஒற்றை ஸ்போரிலிருந்து வளர்ந்து காளான் தராத இழையாகவோ, டிரைக்கோடெர்மா போன்ற வேற்றுப் பூசணமாகவோ இருக்க வாய்ப்புண்டு. டிரைக்கோடெர்மா பச்சை ஸ்போர்களை உண்டாக்குவதற்கு முன் வெறுங்கண்ணுக்குக் காளான் இழைபோலவே வெண்மையாகத் தெரியும். அத்தகைய வித்தைப் படுக்கையில் இடாமல் தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.